நாற்காலி அரசுக்கு, நியமனம் கட்சிக்கு

1967 ஆகஸ்ட் 5. பெய்ஜிங் நகரின் நடுவே, ஆட்சித் தலைவர்கள் குடியிருக்கும் ஜோங்னன்ஹாய் வளாகம். சீன மக்கள் குடியரசின் அதிபர் லியூ ஷாவோசியை அவருடைய வீட்டு முற்றத்திலேயே நிறுத்திவைத்து ஒரு கூட்டம் ஏசுகிறது, தள்ளுகிறது, அடிக்கிறது. கட்சித் தலைவர் மாவோ தொடங்கிய கலாசாரப் புரட்சி உச்சத்தில் இருந்த நேரம். எல்லாம் முடிந்து அலுவலக அறைக்குத் திரும்பியவர், நாட்டின் அரசமைப்புச் சட்டப் புத்தகத்தை எடுத்துக் காட்டி முறையிட்டார். தனக்கு என்ன நேர்ந்தாலும் நேரட்டும், குடியரசின் அதிபர் என்ற பதவியை அவமதிக்க யாருக்கு உரிமை, தன்னை நீக்கியது யார் என்று அவர் கேட்டார்.

சட்டப்படி நூற்றுக்கு நூறு நியாயமான கேள்வி. அதிபரைத் தேர்ந்தெடுக்கவும் நீக்கவும் தேசிய மக்கள் பேரவைக்கு மட்டுமே அதிகாரம் என்று 1954ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம் சொன்னது. ஆனால் அந்தப் பேரவை 1965 ஜனவரியில் கலைந்த பிறகு 1975 ஜனவரி வரை ஒருமுறைகூடக் கூடவே இல்லை. 1968 அக்டோபரில் கூடியது கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் குழு. லியூவைக் கட்சியிலிருந்து நிரந்தரமாக நீக்குவதாகவும், கட்சிக்கு உள்ளேயும் வெளியேயும் அவர் வகித்த எல்லாப் பதவிகளையும் பறிப்பதாகவும் தீர்மானம் போட்டது. சென் ஷாவோமின் என்ற பெண் உறுப்பினர் ஒருவர் மட்டும் கை தூக்கவில்லை. 1969 நவம்பர் 12 அன்று கைஃபெங் நகரில், உரிய சிகிச்சையின்றி லியூ இறந்தார். எரியூட்டுப் பதிவேட்டில் வேறு பெயர் எழுதினார்கள். தொழில் என்ற இடத்தில் ‘வேலை இல்லாதவர்’ என்று எழுதினார்கள். 1980 பிப்ரவரியில் அவர் குற்றமற்றவர் என்று அறிவித்ததும் அதே மத்தியக் குழுதான். நீக்கிய முடிவு எங்கே பிறந்ததோ, மீட்ட முடிவும் அங்கேயே பிறந்தது. மக்கள் பேரவைக்கு இரண்டிலும் பங்கில்லை.

இன்றைய சீனா அந்தச் சீனா அல்ல. கலாசாரப் புரட்சியின் இளைஞர் படைகளான செங்காவலர்கள் இல்லை, தெருவில் நிறுத்தி அடிப்பதில்லை, அலுவலகங்கள் ஒழுங்காக இயங்குகின்றன. ஆனால் முடிவு எடுக்கும் இடம் மாறவில்லை. நாட்டின் மிக உயர்ந்த பதவியில் இருந்தவர் தன் கையிலிருந்த சட்டத்தால் தன்னைக் காத்துக்கொள்ள முடியாமல் போனது ஏன் என்று விளங்கினால், ஒரு கட்சி ஆளும் கம்யூனிஸ்ட் அரசின் அமைப்பு முழுவதும் விளங்கிவிடும்.

2019 அக்டோபரில் மாமல்லபுரம் வந்து, அர்ச்சுனன் தபசின் முன்னால் நம் பிரதமரோடு நின்ற ஷி ஜின்பிங்கை எல்லா நாளிதழ்களும் சீன அதிபர் என்றே எழுதின. ஒரு நாட்டின் தலைவரை இன்னொரு நாடு வரவேற்கும் முறைப்படி அது சரிதான். அவரிடம் இருப்பது மூன்று பதவிகள். கட்சியின் பொதுச் செயலாளர், மத்திய ராணுவ ஆணையத்தின் தலைவர், நாட்டின் அதிபர். மூன்றில் அதிகாரம் மிகக் குறைந்தது கடைசிப் பதவி. தூதர்களை ஏற்பது, பேரவை இயற்றிய சட்டத்தை வெளியிடுவது போன்ற சடங்குப் பணிகளே அதற்கு உரியவை. 1975இல் அந்தப் பதவியையே சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். 1982இல்தான் திரும்பச் சேர்த்தார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் அதிபர் இல்லாததால் எந்த வேலையும் நிற்கவில்லை.

இன்னும் கூர்மையான உதாரணம் டெங் சியாவோபிங். நவீன சீனாவை வடிவமைத்த அவர் ஒருநாளும் அதிபராகவோ பிரதமராகவோ இருந்ததில்லை. கட்சியின் தலைவர் பதவியிலும் அமர்ந்ததில்லை. உச்சப் பதவிகளில் ராணுவ ஆணையத்தின் தலைமை மட்டும் அவரிடம் இருந்தது. முக்கியமான விஷயங்களில் டெங்கின் முடிவைக் கேட்க வேண்டும் என்று 1987இல் மத்தியக் குழு ஒரு தீர்மானம் நிறைவேற்றி, அதை வெளியே சொல்லாமல் வைத்திருந்தது. 1989 மே 16 அன்று பெய்ஜிங் வந்திருந்த சோவியத் தலைவர் கோர்பச்சேவிடம் அப்போதைய பொதுச் செயலாளர் ஜாவோ சியாங் பேச்சோடு பேச்சாக அதைச் சொன்னபோதுதான் நாட்டு மக்களுக்கே தெரிந்தது. 1992இல் எல்லாப் பொறுப்புகளிலிருந்தும் விலகியிருந்த டெங், தென் மாகாணங்களில் சுற்றுப்பயணம் செய்து பேசிய பேச்சில் தேங்கிக் கிடந்த பொருளாதாரச் சீர்திருத்தம் மீண்டும் ஓடத் தொடங்கியது. அப்போது அவருக்கு மிச்சமிருந்தது பிரிட்ஜ் சீட்டாட்டச் சங்கத்தின் கௌரவத் தலைவர் பட்டம்.

அக்டோபரில் முடிவு, மார்ச்சில் வாக்கு

காகிதத்தில் உள்ள அமைப்பை முதலில் பார்த்துவிடலாம். 1982ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டப்படி நாட்டின் உச்ச அதிகாரம் தேசிய மக்கள் பேரவைக்கு உரியது. இப்போதைய 14ஆவது பேரவை 2023இல் கூடியபோது அதில் 2,977 பேர் இருந்தார்கள். உலகில் இவ்வளவு பெரிய சட்டமன்றம் வேறு எங்கும் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை, மார்ச் மாதத்தில் ஏறக்குறைய ஒரு வாரம் கூடுவார்கள். மற்ற நாட்களில் அதன் நிலைக்குழு சட்டம் இயற்றும். வாக்காளர் நேரடியாக வாக்களிப்பது ஊர்ப்புற, வட்ட அளவிலான பேரவைகளுக்கு மட்டும். அவர்கள் மேலே உள்ளவர்களைத் தேர்ந்தெடுக்க, அவர்கள் அதற்கும் மேலே உள்ளவர்களைத் தேர்ந்தெடுக்க, இப்படியே தலைநகர் வரை போகும். கம்யூனிஸ்ட் கட்சியைத் தவிர எட்டுச் சிறிய கட்சிகளுக்கும் அங்கே அனுமதி உண்டு. ஆனால் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமையை ஏற்றுக்கொள்வது அவற்றின் இருப்புக்கே நிபந்தனை. எதிர்க்கட்சி என்ற இருக்கை அந்த மண்டபத்தில் இல்லை.

இந்தப் பேரவை தனக்கென ஒரு மனம் இருப்பதைக் காட்டிய நாளும் உண்டு. 1992 ஏப்ரலில் யாங்சி நதியின் குறுக்கே மூன்று பள்ளத்தாக்கு அணை கட்டும் திட்டம் வாக்கெடுப்புக்கு வந்தபோது 1,767 பேர் ஆதரித்தார்கள். 177 பேர் எதிர்த்தார்கள். 664 பேர் வாக்களிக்காமல் ஒதுங்கினார்கள். மூன்றில் ஒரு பங்கினர் சம்மதிக்கவில்லை என்பது அந்த மண்டபத்தில் கேள்விப்படாத செய்தி. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வீடிழக்கச் செய்யப்போகும் அணைக்கு அந்த எதிர்ப்பாவது பதிவானதே என்று நான் நன்றியோடு நினைத்துக்கொள்வதுண்டு. அணை கட்டப்பட்டது. அப்படிப்பட்ட வாக்கெடுப்பு அண்மைக் காலத்தில் நடக்கவில்லை. 2018 மார்ச் 11 அன்று அதிபர் பதவிக்கு இருந்த இரண்டு தவணை வரம்பை நீக்கும் திருத்தத்துக்கு 2,958 பேர் ஆதரவு, எதிர்ப்பு 2 பேர். 2023இல் ஷி மூன்றாவது முறை அதிபரானபோது 2,952 பேர் வாக்களித்தார்கள். எதிர்த்து ஒருவரும் இல்லை.

இனி கட்சிக்கு வருவோம். உறுப்பினர் எண்ணிக்கை 10 கோடியைத் தாண்டிவிட்டது. ஏறத்தாழ 140 கோடிப் பேர் வாழும் நாட்டில் பதினான்கு பேருக்கு ஒருவர் கட்சிக்காரர். விண்ணப்பித்து, விசாரணைக்கு உட்பட்டு, ஓராண்டு தகுதிகாண் பருவத்தைக் கடந்துதான் உறுப்பினராக முடியும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை கட்சி மாநாடு நடக்கும். 2022 அக்டோபரில் நடந்த 20ஆவது மாநாட்டுக்குத் தேர்வான பிரதிநிதிகள் 2,296 பேர். அவர்கள் தேர்ந்தெடுத்த மத்தியக் குழுவில் 205 முழு உறுப்பினர்கள், 171 மாற்று உறுப்பினர்கள். மத்தியக் குழுவிலிருந்து 24 பேர் கொண்ட அரசியல் தலைமைக் குழுவான பொலிட்பீரோ. அதன் உச்சியில் 7 பேர் கொண்ட நிலைக்குழு. கீழிருந்து மேலே தேர்ந்தெடுப்பதாகக் கட்சி விதி சொல்கிறது. பெயர்ப் பட்டியல் மேலிருந்து கீழே வருகிறது. அந்த 24 பேரில் ஒரு பெண்கூட இல்லை. கால் நூற்றாண்டில் இதுவே முதல் முறை. பெண்கள் வானத்தில் பாதியைத் தாங்குகிறார்கள் என்ற முழக்கத்தோடு வளர்ந்த கட்சி இது.

இரண்டு அமைப்பும் எப்படிப் பொருந்துகின்றன என்பதற்கு இப்போதைய பிரதமர் லி சியாங்கின் வருகையே நல்ல சான்று. 2022 அக்டோபர் 23 அன்று புதிய நிலைக்குழுவின் ஏழு பேர் வரிசையாகப் பெய்ஜிங் மக்கள் மாமண்டப மேடைக்கு வந்தார்கள். ஷிக்கு அடுத்ததாக நடந்து வந்தவர், அதுவரை ஷாங்காய் நகரக் கட்சிச் செயலாளராக இருந்த லி சியாங். துணைப் பிரதமராக ஒருநாளும் இருக்காத அவர்தான் அடுத்த பிரதமர் என்பது அந்த நிமிடமே உலகத்துக்குத் தெரிந்துவிட்டது. பேரவை அவருக்கு வாக்களித்தது ஐந்து மாதம் கழித்து, 2023 மார்ச்சில். ஆதரவு 2,936, எதிர்ப்பு 3. அக்டோபரில் நடப்பது முடிவு. மார்ச்சில் நடப்பது அதைச் சட்டமாக்கும் வேலை.

பெயர்ப் பலகை இல்லாத அலுவலகம்

சீன ஆட்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் தலைவர்களைப் பற்றிப் பேசுகிறார்கள். நான் ஒரு அலுவலகத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன். கட்சி மத்தியக் குழுவின் அமைப்புத் துறை என்பது அதன் பெயர். பெய்ஜிங்கில் அதன் கட்டடத்தில் பெயர்ப் பலகை கிடையாது என்று அங்கே பணியாற்றிய நிருபர்கள் எழுதியிருக்கிறார்கள். மத்திய அமைச்சர்கள், மாகாண ஆளுநர்கள், பெரிய பல்கலைக்கழகங்களின் தலைவர்கள், அரசு வங்கிகளின் தலைவர்கள், நாளிதழ் ஆசிரியர்கள், உயர் நீதிபதிகள் என்று நாட்டின் முக்கியப் பொறுப்புகளுக்கு யார் போகலாம் என்ற கோப்பு அங்கேதான் நகர்கிறது. ஒவ்வொரு மாகாணத்திலும் நகரத்திலும் வட்டத்திலும் அதற்குக் கிளை உண்டு.

இதன் வீச்சு எவ்வளவு என்று பார்க்க 2004 நவம்பருக்குப் போகலாம். சீனாவின் மூன்று பெரிய தொலைபேசி நிறுவனங்கள் ஒன்றோடொன்று கடுமையாகப் போட்டியிட்டுக்கொண்டிருந்தன. மூன்றின் பங்குகளும் ஹாங்காங், நியூயார்க் சந்தைகளில் விற்பனையாகிவந்தன. ஒரே நாளில் மூன்றின் தலைவர்களும் இடம் மாற்றப்பட்டார்கள். ஒரு நிறுவனத்தின் ரகசியங்கள் தெரிந்தவர் மறுநாள் அதன் போட்டி நிறுவனத்தின் நாற்காலியில் இருந்தார். பங்குதாரர்களை யாரும் கேட்கவில்லை. ஆணை கட்சியின் அமைப்புத் துறையிலிருந்து வந்தது.

இந்த முறை சீனாவில் முளைத்ததல்ல. சோவியத் ஒன்றியத்தில் 1922 ஏப்ரலில் ஸ்டாலின் பொதுச் செயலாளர் ஆனபோது, கோப்பு பார்க்கும் சலிப்பூட்டும் வேலை என்றே மற்றத் தலைவர்கள் அதைக் கருதினார்கள். யாரை எங்கே நியமிப்பது என்ற அந்தக் கோப்புகளை வைத்தே அவர் எல்லோரையும் வென்றார். 1941 மே மாதம் வரை அவர் அரசாங்கத்தின் தலைவராக இருக்கவில்லை. கூட்டுப் பண்ணைகளும் களையெடுப்புகளும் ஹிட்லரோடு செய்த ஒப்பந்தமும் அதற்கு முன்பே நடந்தவை. சீனக் கட்சி அந்தப் பாடத்தை மாஸ்கோவிலிருந்து எடுத்துவந்து, மாஸ்கோவைவிட நீண்ட காலம் காப்பாற்றி வைத்திருக்கிறது.

கட்சியின் பிடி நியமனத்தோடு நின்றுவிடுவதில்லை. ஒவ்வோர் அமைச்சகத்துக்குள்ளும் ஒரு கட்சிக் குழு உண்டு. பெரிய முடிவுகள் முதலில் அங்கே போகும். அதற்கு மேலே, வெளியுறவு, நிதி, இணையம் போன்ற துறைகளுக்குக் கட்சியின் மத்திய ஆணையங்கள். வெளியுறவு அமைச்சர்தான் நாட்டின் முதல் தூதுவர் என்று நாம் நினைப்போம். அங்கே கட்சியின் வெளியுறவு ஆணைய அலுவலகத் தலைவர் அமைச்சருக்கு மேலே இருக்கிறார். 2023இல் சின் காங் அமைச்சராக இருந்தபோது அந்த மேலிடத்தில் இருந்தவர் வாங் யி. ஜூன் 25க்குப் பிறகு அமைச்சரைப் பொதுவெளியில் காணவில்லை. ஜூலை 25 அன்று பேரவையின் நிலைக்குழு அவரை நீக்கியது, காரணம் சொல்லப்படவில்லை. வாங் யி மீண்டும் அமைச்சர் பதவியையும் சேர்த்து ஏற்றுக்கொண்டார்.

ஒழுங்கை மீறியவர்களை விசாரிக்கவும் கட்சிக்குத் தனி ஆணையம் உண்டு. நீதிமன்றம் வருவது அதற்குப் பின்னால். பொலிட்பீரோ நிலைக்குழுவில் இருந்த சூ யோங்காங்குக்கே 2015இல் ஆயுள் சிறை கிடைத்தது என்பதால் அந்த ஆணையத்தைப் பல்லில்லாதது என்று சொல்ல முடியாது. நீதிமன்றங்களைப் பற்றி அதிகம் சொல்லவும் தேவையில்லை. நீதித்துறைச் சுதந்திரம் என்பது எதிர்த்து நிற்க வேண்டிய மேற்கத்தியத் தவறான சிந்தனை என்று 2017 ஜனவரியில் நாட்டின் உச்ச நீதிமன்றத் தலைவரே பேசினார்.

ஆளுநர் ஒருவர், ஆள்பவர் ஒருவர்

மாகாணங்களில் ஆளுநரும் கட்சிச் செயலாளரும் இருப்பார்கள். பெரியவர் கட்சிச் செயலாளர். நகரத்தில் மேயரும் கட்சிச் செயலாளரும். அங்கேயும் அப்படித்தான். திபெத்தில் இந்த ஏற்பாடு மனதை உறுத்தும் வடிவம் எடுக்கிறது. தன்னாட்சிப் பகுதி அரசின் தலைவராக எப்போதும் ஒரு திபெத்தியர் இருப்பார். கட்சிச் செயலாளர் பதவியில் இன்று வரை ஒரு திபெத்தியர்கூட அமர்த்தப்படவில்லை. தன்னாட்சி என்ற சொல்லுக்குப் பின்னால் உண்மையான அதிகாரத்தைத் தேடுகிறவர் இந்த ஒரு தகவலோடு தேடலை முடித்துக்கொள்ளலாம்.

இந்த இரட்டை ஏற்பாடு சாதாரண மனிதனின் உயிரைத் தொட்ட இடம் வூஹான். 2020 ஜனவரி முற்பகுதியில் வூஹான் நகரப் பேரவைக் கூட்டம். அடுத்து, 17ஆம் தேதி வரை ஹூபெய் மாகாணப் பேரவைக் கூட்டம். அந்த நாட்களில் புதிய நோயாளிகள் இல்லை என்றே நகர நிர்வாகம் அறிவித்துக்கொண்டிருந்தது. விநோதமான காய்ச்சல் பரவுவதைச் சக மருத்துவர்களுக்குச் சொன்ன லி வென்லியாங்கைக் காவல்துறை ஜனவரி 3 அன்று அழைத்து, வதந்தி பரப்பியதாகக் கையெழுத்து வாங்கியிருந்தது. 18ஆம் தேதி பைபூதிங் குடியிருப்பில் நாற்பதாயிரம் குடும்பங்களின் புத்தாண்டு விருந்தும் நடந்து முடிந்தது. நோய் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுகிறது என்று மருத்துவ நிபுணர் சோங் நான்ஷான் தொலைக்காட்சியில் சொன்னது 20ஆம் தேதி. 23ஆம் தேதி நகரம் மூடப்பட்டது. ஜனவரி 7 அன்றே பொலிட்பீரோ நிலைக்குழுக் கூட்டத்தில் நோய்த்தடுப்பு பற்றித் தான் அறிவுறுத்தியதாக ஷி பேசிய உரையைக் கட்சியின் ஏடு பிப்ரவரி நடுவில் வெளியிட்டது. அப்படியானால் உச்சியில் பேசப்பட்ட செய்தி வீதிக்கு வர 13 நாள் ஆகியிருக்கிறது.

ஜனவரி 27 அன்று அரசுத் தொலைக்காட்சியில் வூஹான் மேயர் சூ சியான்வாங் சொன்ன ஒரு விளக்கத்தை, இந்த ஆட்சியமைப்பைப் பற்றிய மிக நேர்மையான வாக்குமூலமாக நான் கருதுகிறேன். உள்ளூர் அரசு என்ற முறையில், தகவல் கிடைத்தாலும் மேலிட அனுமதி வந்த பிறகே தான் அதை வெளியிட முடியும் என்றார் அவர். ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் வாழும் நகரத்தின் மேயர், தன் நகரத்தில் கொள்ளைநோய் இருப்பதைத் தன் மக்களுக்குச் சொல்ல அனுமதிக்குக் காத்திருந்தார். லி வென்லியாங் பிப்ரவரி 7 அன்று அதே நோயில் இறந்தார். பிப்ரவரி 13 அன்று தண்டனை விழுந்தது. ஹூபெய் மாகாணக் கட்சிச் செயலாளரும் வூஹான் நகரக் கட்சிச் செயலாளரும் மாற்றப்பட்டார்கள். மேயர் அன்று மாற்றப்படவில்லை. பொறுப்பு யாருடையது என்பதில் கட்சிக்கே குழப்பம் இல்லை.

அதே வூஹானில் அதே நாட்களில்தான் ஆயிரம் படுக்கைகள் கொண்ட ஹுவோஷென்ஷான் மருத்துவமனையைப் பத்தே நாளில் கட்டி முடித்தார்கள். ஜனவரி 23 அன்று வேலை தொடங்கி, பிப்ரவரி 2 அன்று மருத்துவமனை கைமாறியது. நம் ஊரில் சீனாவின் வேகத்தைப் புகழ்கிறவர்கள் இந்த மருத்துவமனையைப் பற்றிப் பேசுகிறார்கள். அதன் கொடுமையைப் பேசுகிறவர்கள் மறைக்கப்பட்ட செய்தியைப் பற்றிப் பேசுகிறார்கள். இரண்டும் ஒரே அமைப்பின் வேலை. மேலிருந்து ஆணை வந்தால் பல்லாயிரம் தொழிலாளர் இரவு பகலாக உழைப்பார்கள். கீழிருந்து கெட்ட செய்தி மேலே போக வேண்டுமென்றால், அதைச் சுமந்து செல்பவர் தன் பதவியைப் பணயம் வைக்க வேண்டும். அவரை நியமித்தவரும் நீக்கப்போகிறவரும் மேலே இருக்கிறார். ஓட்டுப் போட்டு அவரைக் காப்பாற்றக் கீழே யாரும் இல்லை.

இதற்கு வரலாற்றில் மக்கள் கொடுத்த விலை மிகப் பெரியது. உற்பத்தியை வேகமாகப் பெருக்க மாவோ நடத்திய மாபெரும் முன்னேற்றப் பாய்ச்சலின்போது, விளைச்சலைப் பொய்யாகக் கூட்டிச் சொன்ன அதிகாரிகளுக்குப் பாராட்டு கிடைத்தது. அந்தப் பொய்க் கணக்கின்படி கிராமங்களிலிருந்து தானியம் அள்ளப்பட்டது. பாதுகாப்பு அமைச்சரும் மாவோவின் பழைய போர்த் தோழருமான பெங் தெஹுவாய், 1959 ஜூலையில் லூஷான் கூட்டத்தின்போது தன் கவலையை மாவோவுக்குக் கடிதமாக எழுதினார். அவரைப் பதவியிலிருந்து தூக்கினார்கள். அதன்பிறகு யார் வாய் திறப்பார்கள்? பஞ்சம் இன்னும் இரண்டு ஆண்டு நீடித்தது. இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதில் மதிப்பீடுகள் ஒன்றரைக் கோடியிலிருந்து நாலரைக் கோடி வரை வேறுபடுகின்றன.

துப்பாக்கி யாருடையது

சீன ராணுவம் நாட்டின் ராணுவமல்ல, கட்சியின் ராணுவம். 1929 டிசம்பரில் ஃபூஜியான் மாகாணத்துக் குத்தியன் என்ற ஊரில் நடந்த மாநாட்டிலேயே, படை கட்சிக்குக் கட்டுப்பட்டது என்று முடிவாகிவிட்டது. இன்று மத்திய ராணுவ ஆணையம் என்ற பெயரில் இரண்டு அமைப்புகள் உண்டு. ஒன்று கட்சியுடையது, மற்றது அரசுடையது. உறுப்பினர்கள் இரண்டிலும் அதே ஆட்கள்.

கட்சிக்குள்ளேயும் ராணுவ ஆணையத் தலைவர் நாற்காலியின் எடை தனி. 1989இல் தியனன்மென் சதுக்கத்தில் மாணவர்கள் கூடியிருந்தபோது பொதுச் செயலாளர் ஜாவோ சியாங் படையை ஏவ மறுத்தார். ராணுவ ஆணையத் தலைவர் டெங். படை வந்தது. ஜாவோ பதவி இழந்து, 2005 ஜனவரியில் இறக்கும்வரை வீட்டுக்காவலில் கிடந்தார். பின்னால் 2002இல் பொதுச் செயலாளர் பதவியைக் கொடுத்துவிட்ட ஜியாங் செமின், ராணுவ ஆணையத் தலைமையை மட்டும் 2004 வரை விடாமல் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

ஜாவோவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கட்சியையும் அரசையும் பிரிக்க வேண்டும் என்று 1987இல் 13ஆவது மாநாட்டில் அறிக்கை வைத்தவர் அவர். அமைச்சகங்களுக்குள் இருக்கும் கட்சிக் குழுக்களைப் படிப்படியாகக் கலைக்கும் வேலையும் தொடங்கியது. அதிகாரம் ஓரிடத்தில் குவிவதே பழைய அழிவுகளுக்குக் காரணம் என்று 1980 ஆகஸ்டில் டெங்கே பேசியிருந்தார். 1989க்குப் பிறகு அந்தக் கதவு மூடியது. கட்சிக் குழுக்கள் திரும்பி வந்தன. ஷி காலத்தில் பிரிப்பது பற்றிய பேச்சே இல்லை. நாட்டின் எல்லாவற்றுக்கும் எல்லாத் திசைக்கும் கட்சியே தலைமை என்று 2017இல் கட்சி விதியிலும், கட்சியின் தலைமையே சீனச் சோசலிசத்தின் அடிப்படை இயல்பு என்று 2018இல் அரசமைப்புச் சட்டத்தின் முதல் பிரிவிலும் எழுதினார்கள். 2024இல் பேரவைக் கூட்டத்தின் முடிவில் பிரதமர் நிருபர்களைச் சந்திக்கும் முப்பதாண்டு வழக்கத்தையும் நிறுத்தினார்கள். கேள்வி கேட்க ஆண்டுக்கு ஒருமுறை கிடைத்த அந்த வாய்ப்பும் போனது.

கிராமம் வரை இதே கதை. குவாங்டாங் மாகாணத்தில் வுக்கான் என்றொரு கடலோரக் கிராமம் (வூஹான் வேறு, இது வேறு). தங்கள் நிலத்தை அதிகாரிகள் விற்றுவிட்டதை எதிர்த்து 2011இல் ஊரே எழுந்தது. மாகாணக் கட்சித் தலைமை இறங்கிவந்தது. 2012 மார்ச்சில் ரகசிய வாக்கெடுப்பு நடந்து, போராட்டத்தின் தலைவர் லின் ஜுலுவான் கிராமக் குழுத் தலைவரானார். உலகம் முழுவதிலிருந்தும் நிருபர்கள் போய் எழுதினார்கள். விற்ற நிலம் முழுவதும் திரும்பவில்லை. மீண்டும் போராடத் தயாரான லின்னை 2016இல் கைது செய்து, லஞ்ச வழக்கில் மூன்று ஆண்டு ஒரு மாதம் சிறையில் போட்டார்கள். அதற்குப் பிந்தைய ஆண்டுகளில், கட்சிக் கிளைச் செயலாளரே கிராமத் தலைவராகவும் இருக்கும் முறையை நாடெங்கும் பரப்பினார்கள்.

பிறகு எப்படி முன்னேறினார்கள்?

நியாயமான கேள்வி. கடந்த நாற்பதாண்டில் ஏறக்குறைய 80 கோடிப் பேர் கொடும் வறுமையிலிருந்து மீண்டதாக உலக வங்கி கணக்கிட்டிருக்கிறது. மனித வரலாற்றில் இதற்கு ஈடான சாதனை இல்லை; அதைக் குறைத்துப் பேசுவது அந்த மக்களின் உழைப்பைக் குறைத்துப் பேசுவதாகும்.

ஆனால் அந்தச் சாதனை எங்கிருந்து தொடங்கியது என்று பாருங்கள். 1978இல் அன்ஹுய் மாகாணத்தின் சியாவோகாங் கிராமத்தில் 18 விவசாயிகள் கூட்டுப் பண்ணை நிலத்தைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டு, பிடிபட்டால் ஒருவர் பிள்ளைகளை மற்றவர் வளர்ப்பது என்று ரகசியமாகக் கைநாட்டு வைத்தார்கள். மாகாணத்தில் இருந்தவர்கள் கண்டும் காணாமல் விட்டார்கள். விளைச்சல் பெருகியது. பிறகு அதையே நாடு முழுவதற்கும் கொள்கையாக்கினார்கள். 1980இல் ஷென்சென் சிறப்புப் பொருளாதார மண்டலமும் ஓரிடத்தில் செய்து பார்த்த சோதனைதான். நியமன அதிகாரம் முழுவதும் பெய்ஜிங்கின் கையில் இருக்கும் இந்த நாட்டில், பொதுச் செலவில் ஏறக்குறைய 85 சதவீதத்தைச் செய்வது உள்ளூர் அரசுகள். இதை அறியாதவர்கள் சீனாவை ஒற்றை உத்தரவில் ஆடும் நாடாக நினைத்துவிடுகிறார்கள். கட்சி தன் பிடியைத் தளர்த்திக் கீழே இருப்பவர்களை முயன்று பார்க்க விட்ட காலத்தில்தான் நாடு வளர்ந்தது. அன்று 18 விவசாயிகள் செய்ததைக் கண்டுகொள்ளாமல் விடும் துணிச்சல் இன்றைய மாகாணச் செயலாளர் ஒருவருக்கு இருக்குமா? இருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது. சீன மக்களின் நல்வாழ்வில் அக்கறை உள்ள எவரையும் கவலைப்பட வைக்கும் மாற்றம் இது.

ஒரு கட்சி ஆளும் கம்யூனிஸ்ட் நாடுகள் இன்று ஐந்து: சீனா, வியட்நாம், லாவோஸ், கியூபா, வட கொரியா. எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. வியட்நாமில் பொதுச் செயலாளர், அதிபர், பிரதமர், பேரவைத் தலைவர் என்று நான்கு பதவிகளை நான்கு பேருக்குப் பிரித்துக் கொடுப்பது நெடுங்கால வழக்கமாக இருந்துவந்தது. 2024இல் தோ லாம் அதிபராகவும் பொதுச் செயலாளராகவும் ஒருசேர இருந்தது சில வாரங்கள்தான். அக்டோபரில் அதிபர் பதவி வேறொருவருக்குப் போனது. சீனாவிலும் 1982 முதல் வளர்ந்த விதிகளும் வழக்கங்களும் சில இருந்தன. அதிபருக்கு இரண்டு தவணை. 68 வயதானவர் நிலைக்குழுவில் தொடர்வதில்லை. பத்தாண்டுக்கு ஒருமுறை தலைமை மாறும். 2002இலும் 2012இலும் அப்படியே மாறியது. பொதுச் செயலாளர் பதவிக்குக் கட்சி விதியில் தவணை வரம்பு ஒருபோதும் எழுதப்படவில்லை. வழக்கம்தான் வரம்பாக இருந்தது. 2022இல் 69 வயதில் ஷி மூன்றாவது தவணையில் அமர்ந்தபோது அந்த வழக்கமும் முடிந்தது. அடுத்தவர் யார், எப்போது, எந்த முறையில் என்பதற்கு இன்று எழுதப்பட்ட விதி எதுவும் இல்லை.

21ஆவது மாநாடு 2027இல் வருகிறது. சீனா நம் பக்கத்து நாடு. அங்கே எடுக்கும் முடிவு லடாக் எல்லையில் நிற்கும் நம் சிப்பாயையும் தொடும். ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். சீனாவிலிருந்து ஒரு பெயர் செய்தியில் அடிபட்டால், அவர் என்ன அமைச்சர் என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், கட்சியில் அவர் எங்கே இருக்கிறார், அவரை நியமித்தது யார் என்றும் தேடுங்கள். 2027 மாநாடு முடிந்த மறுநாள் மக்கள் மாமண்டப மேடைக்கு யார், எந்த வரிசையில் நடந்து வருகிறார்கள் என்று கவனியுங்கள். 2028 மார்ச்சில் பேரவை யாருக்கு வாக்களிக்கும் என்பது அன்றே தெரிந்துவிடும்.